நாலு தராசு

மல்லாவி மில்லில் இருந்து
நெல் நிறுக்கிற தராசுகள் நாலும்
லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வந்திறங்கின.
பன்னிரண்டுக்குள்ளே திருப்பித் தாங்கோ,
லொறி வருது, என்றார் வில்வராசா போனில்.
ஓம் என்றேன்.
எங்கள் ஓட்டம் பன்னிரண்டரைக்கு.

ஒலுமடுவில் கைவிட்ட கிரவல் கிடங்கைச் சுற்றி
வெட்டிய பாதை. வளைவெல்லாம் இடக்கைப் பக்கம்.
விடியப் பனியில் மண் ரயரைக் கவ்வும்.
பத்து மணி வெயிலுக்கு
மேல்மண் மாவாகிப் பறந்துவிட
அடித்தரை
தோசைக்கல் மாதிரி மினுங்கும்.
அதிலேதான் ஜெனார்த்தனி சுழல்கிறாள்.

"வளைவு முடிய மிதிச்சால்
பின்னுக்கு ஒண்டும் இல்லை அண்ணை.
சத்தம் மட்டும் முன்னாலை போகுது."

வெட்டு மெசின் ஓட்டுகிறவள்.
எந்த வயல் எங்கே புதையும் என்று
இருக்கையின் அடியால் அறிகிறவள்.
அவள் இல்லை என்றால் இல்லைதான்.

கார், சாமான் கழற்றி எலும்பாக்கிய டீஎக்ஸ் வேகன்.
பின்னுக்கு வில்லுத் தகடுகள், பக்கத்துக்கு ஐந்து.
ஆறாவதைப் போன கிழமை சேர்த்தவன் நான்.
விறைப்பாய் இருந்தால் உறுதி என்று நினைத்தேன்.
விறைத்த சில்லு
மண்ணில் கால் ஊன்றுவதில்லை.
மேட்டுக்கு மேடு தாவி
இடையிலே காற்றை உழுகிறது.

ஆறாவது தகட்டைக் கழற்றினேன்.
ரயர்க் காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினேன்.
முன் சொக் கசிகிறது என்றான் டிலக்சன்.
கசியட்டும்.
மிதிக்கிற நேரம் மூக்கு எழும்பட்டும்,
எழும்பினால் பாரம்
பின்னுக்குப் போய்க் குந்தும்.

பிறகு தராசு.
சில்லுக்கு ஒன்று.
ஹெல்மெட்டோடு ஏறி இரு என்றேன்.
"காரை மட்டும் வாசியுங்கோ,
என்னைக் கழிச்சுப் பார்க்கிற வேலை வேண்டாம்."

முன் இடம் இருநூற்று நாற்பத்தைந்து.
முன் வலம் இருநூற்று அறுபத்திரண்டு.
பின் வலம் இருநூற்று முப்பத்தாறு.
பின் இடம்,
இருநூற்று நாலு.

அதுதான்.
ஸ்ரேரிங் வலம், ஓட்டுகிறவள் வலம்,
பெற்றோல் கலனையும் வலத்தில் கட்டியிருக்கிறேன்.
தள்ள வேண்டிய சில்லு
விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்கிறது.

பற்றறியை முன்னாலிருந்து கழற்றிப்
பின் இட மூலையில் இறுக்கினோம்.
போதவில்லை.
மணி பதினொன்று நாற்பது.
மோட்டார்சைக்கிளில் வில்வராசாவே வந்துவிட்டார்.

ஏச வந்தவர் முள்ளைப் பார்த்தார்.
ஒன்றும் கேளாமல்
பின் இட மூலையில் ஏறிக் குந்தினார்.
முள் துள்ளி எங்கேயோ போனது.
"நான் கூடிப்போனன். எவ்வளவு வேணும்?"
"இருபது கிலோ காணும்."
இறங்கினார்.
லான்ட்மாஸ்ரர் பெட்டியில்,
தராசைச் சரிபார்க்கிற படிக்கல்,
இரும்பு, இருபது கிலோ, முத்திரை குத்தியது.

"அப்ப உங்கடை லொறி?"
"இண்டைக்கு ஒரு நாள்
லொறிக்காரன் என்னை நம்பட்டும்."

இரண்டு போல்ற், ஒரு இரும்புப் பட்டி.
தராசுகள் மில்லுக்குப் போயின.
அவர் ஓட்டம் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்று, மூன்றாம் வளைவு.
மிதித்தாள்.
பின்பக்கம் ஒரு கணம் தாழ்ந்தது,
பால் கறக்க விடும் மாடு
காலை அகட்டி நிற்பதைப் போல.
பிறகு சத்தமும் காரும்
ஒன்றாய்ப் போயின.
எனக்குத் தொண்டையில் தூசி.
தூசி என்றுதான் டிலக்சனுக்குச் சொன்னேன்.

பொழுதுபடப் படிக்கல்லைக் கொடுத்தனுப்பினேன்.
ஏழு மணிக்கு போன் வந்தது.
"எத்தினையாவது?"
"நாலாவது."
"பின்பக்கம் பிடிச்சுதோ?"
"பிடிச்சுது."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
மில் இரைந்துகொண்டிருந்தது.
"தம்பி, கல்லு
இருபது கிலோ நூற்றைம்பது கிராம் காட்டுது.
கழுவாமல் தந்திட்டாய்."